43 நாள் பூட்டிக் கிடந்த அமெரிக்க அரசு: நம்ம ஊர்ல இப்படி ஒரு 'ஷட்டவுன்' வருமா?

2025 நவம்பர் 13, காலை ஒன்பது மணி. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி டைடல் பார்க் பக்கம் போகும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் போன். வேளச்சேரி ரயில் வந்து போன அந்த ரெண்டு நிமிஷத்துக்குள் எல்லா ஸ்கிரீனிலும் ஒரே நோட்டிஃபிகேஷன்: செலவு மசோதாவில் ட்ரம்ப் கையெழுத்து, அமெரிக்க அரசு முடக்கம் முடிவுக்கு வந்தது.

"அப்பாடா, முடிஞ்சதா!" என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்தவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "அதெப்படிங்க, ஒரு அரசாங்கத்தையே பூட்ட முடியும்? நம்ம ஊர்ல இப்படி ஆகுமா?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் சொன்னால், ஆகாது. ஆனால், ஆகாமல் இருப்பதற்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

முதலில், அமெரிக்காவில் என்னதான் நடந்தது?

அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். அதற்குள் அந்த ஆண்டுச் செலவுக்கான மசோதாக்கள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, அதிபர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இந்த முறை ஒன்றுகூட நிறைவேறவில்லை. தற்காலிக மசோதாவும் தோற்றது. அதனால் அக்டோபர் 1 அதிகாலை முதல் அரசு முடங்கியது.

மொத்தம் 43 நாள். அதுவரையிலான அமெரிக்க வரலாற்றிலேயே நீளமான முடக்கம் இதுதான். இதற்கு முன் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை, ட்ரம்பின் முதல் ஆட்சியில் நடந்த 35 நாள்தான் சாதனையாக இருந்தது.

சுமார் 14 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேர் 'அத்தியாவசிய' ஊழியர்கள் என்பதால் சம்பளம் இல்லாமலே வேலை பார்த்தார்கள். விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர்களும் அதில் அடக்கம். ஆள் பற்றாக்குறையால் நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களையே குறைத்தார்கள். ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டத்தை நம்பியிருக்கும் சுமார் 4.2 கோடிப் பேருக்கு நவம்பர் மாத உதவி சரியாகப் போய்ச் சேரவில்லை. விஷயம் கோர்ட் வரை போனது.

கஜானாவில் காசு இல்லையா?

இங்கேதான் பலரும் குழம்புகிறோம். காசு இருந்தது. அதைச் செலவு செய்ய அனுமதி இல்லை.

உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அக்கவுண்டில் பணம் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு பட்ஜெட்டுக்கு அப்ரூவல் வரவில்லை என்றால், ஃபைனான்ஸ் டீம் ஒரு பில்லைக்கூட பாஸ் செய்யாது. அமெரிக்க அரசுக்கு நடந்ததும் அதுதான்.

நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை எந்தத் துறையும் செலவு செய்யக்கூடாது என்ற சட்டம் அங்கே 19-ம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஆனாலும் 1980 வரை மசோதா தாமதமானால், துறைகள் செலவைச் சுருக்கிக்கொண்டு எப்படியோ ஓட்டிவிடும். 1980-ல் ஜிம்மி கார்ட்டர் அரசின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, அந்தச் சட்டத்தைச் சொன்னபடியே கடைப்பிடிக்க வேண்டும் என்று கருத்து எழுதினார். ஒதுக்கீடு இல்லையென்றால் வேலையை நிறுத்து. உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வரும் பணிகளுக்கு மட்டும் விலக்கு. இன்றைய 'ஷட்டவுன்' பிறந்தது அந்தக் கருத்தில் இருந்துதான்.

43 நாள் எதற்காகச் சண்டை போட்டார்கள்?

மருத்துவக் காப்பீட்டுக்காக. 'ஒபாமா கேர்' திட்டத்தில் காப்பீடு எடுத்தவர்களுக்கு அரசு கொடுத்துவந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பரோடு முடியவிருந்தது. அதை நீட்டித்தால்தான் ஓட்டு என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் அரசைத் திறங்கள், மானியம் பற்றிப் பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி.

இரு அவைகளும், அதிபர் மாளிகையும் குடியரசுக் கட்சி கையில்தானே, அப்புறம் என்ன? செனட்டில் இந்த மாதிரி மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 100-ல் 60 பேர் வேண்டும். குடியரசுக் கட்சிக்கு இருப்பது 53. அதனால் ஒரே தற்காலிக மசோதா செனட்டில் 14 முறை முட்டி நின்றது. மற்றொரு அவையான பிரதிநிதிகள் சபையோ, செப்டம்பர் 19-க்குப் பிறகு வாக்கெடுப்புக்கே கூடவில்லை.

நவம்பர் 9 இரவு கதை மாறியது. ஜனநாயகக் கட்சி அணியில் இருந்து 8 பேர் அந்தப் பக்கம் வந்தார்கள். மறுநாள் செனட்டில் 60-40. நவம்பர் 12-ல் பிரதிநிதிகள் சபையில் 222-209. அன்றிரவே கையெழுத்து.

அந்த விவாதத்தில் இரண்டு தரப்புக்கும் நியாயம் இருந்தது. "மானியம் போனால் லட்சக்கணக்கானவர்களின் பிரீமியம் எகிறும். இப்போது விட்டால் பேரம் பேச நம்மிடம் எதுவும் இருக்காது" என்பது எதிர்த்தவர்களின் வாதம். "சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் மக்கள் தவிக்கிறார்கள். இன்னும் ஒரு மாதம் பூட்டினாலும் எதிர்த்தரப்பு இறங்கி வராது" என்பது ஆதரித்தவர்களின் வாதம்.

கடைசியில் கிடைத்தது என்ன? மூன்று மசோதாக்களுக்கு முழு ஆண்டு நிதி. மற்ற துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரை மட்டும். முடக்கத்தின்போது நடந்த ஆட்குறைப்பு ரத்து. ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம். மானியத்துக்கு? டிசம்பரில் செனட்டில் ஒரு வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி மட்டும்.

இதில் திருவான்மியூர் எங்கே வருகிறது?

ஓஎம்ஆரை ஒட்டிய இடம் இது. இங்கே ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுப் பிள்ளையாவது 'ஸ்டேட்ஸ்'ல இருக்கும்.

தெற்கு அவென்யூவில் வளர்ந்து, இப்போது டல்லாஸில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் அவருக்கு வேலை போகிறது. விதிப்படி, அதிகபட்சம் 60 நாளுக்குள் வேறொரு கம்பெனி அவருக்காக மனு போட வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த மனுவுக்கு முதல் படி, அமெரிக்கத் தொழிலாளர் துறை தரும் ஒரு சான்று. வழக்கமாக 7 வேலை நாளில் வந்துவிடும். முடக்கம் தொடங்கியதும் அந்தப் பிரிவும், அதன் இணையதளமும் நின்றுபோயின. அக்டோபர் 31 வாக்கில்தான் மறுபடி வேலை தொடங்கியது. அதாவது, 60 நாளில் சுமார் 30 நாள் அப்படியே போச்சு.

வேடிக்கை என்னவென்றால், மனுவைப் பரிசீலிக்கும் குடியேற்றத் துறை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. காரணம், அது நாம் கட்டும் கட்டணத்தில் ஓடுகிறது. முடக்கத்தால் தாமதமானதைக் கருத்தில் கொள்வோம் என்றும் அது சொன்னது. ஆனால் முதல் கதவே மூடியிருக்கும்போது, இரண்டாவது கதவு திறந்திருந்து என்ன பிரயோஜனம்?

சரி, நம்ம ஊர்ல ஆகுமா?

திருவான்மியூரில் ஒரு சின்ன ரவுண்டு போவோம். பறக்கும் ரயிலும் தபால் நிலையமும் மத்திய அரசுடையவை. ஆர்டிஓ ஆபீஸ் மாநில அரசின் பொறுப்பு; ரேஷன் கடை அரிசிக்கான மானியத்தில் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பங்கு உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? 'தொகுப்பு நிதி' என்ற பெரிய கஜானாவில் இருந்து. மத்திய அரசுக்கு ஒன்று, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்று.

அமெரிக்காவில் இருக்கும் அதே பூட்டு இங்கேயும் இருக்கிறது. சட்டம் இயற்றாமல் தொகுப்பு நிதியில் இருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 266-வது பிரிவு. மார்ச் 31 நள்ளிரவுக்குள் ஒதுக்கீட்டுச் சட்டம் வரவில்லையென்றால் ஏப்ரல் 1 காலை எல்லாமே நிற்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால், நமக்கும் ஷட்டவுன் சாத்தியம்தான்.

ஆனால் நம் அரசமைப்புச் சட்டம் பூட்டோடு சேர்த்து நான்கு மாற்றுச் சாவிகளையும் கொடுத்திருக்கிறது.

முதல் சாவி: இங்கே ஆட்சியில் இருப்பதற்கே மக்களவையில் பெரும்பான்மை வேண்டும். பட்ஜெட் தோற்றால் அரசே பதவி விலக வேண்டியதுதான். அதிபர் ஒரு பக்கம், அவை ஒரு பக்கம் என்று மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு உட்கார முடியாது. ஆட்சி மாறும்; அரசு இயந்திரம் ஓடும்.

இரண்டாவது சாவி: ஒதுக்கீட்டு மசோதா ஒரு 'பண மசோதா'. மாநிலங்களவை அதை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அது சொல்லும் திருத்தத்தை மக்களவை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அமெரிக்க செனட் போல் இங்கே மேலவையால் முட்டுக்கட்டை போட முடியாது. தமிழ்நாட்டிலோ 1986-ல் மேலவையையே கலைத்துவிட்டோம்.

மூன்றாவது சாவி: 'வோட் ஆன் அக்கவுண்ட்'. முழு பட்ஜெட்டை நிறைவேற்ற நேரம் இல்லையென்றால், சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். மத்திய அரசுக்கு 116-வது பிரிவு, மாநிலங்களுக்கு 206-வது பிரிவு. 2021-ல் தமிழ்நாட்டில் நடந்தது நினைவிருக்கலாம். பிப்ரவரி 23-ல் ஓ.பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் தாக்கல் செய்தார். தேர்தல் முடிந்து, ஆட்சி மாறி, ஆகஸ்ட் 13-ல்தான் பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். இடையில் ஆர்டிஓ ஆபீஸ் ஒரு நாளாவது பணம் இல்லாமல் மூடியதா?

நான்காவது சாவி: மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால், அந்த மாநில பட்ஜெட்டை நாடாளுமன்றமே நிறைவேற்றும். 2025 மார்ச்சில் மணிப்பூர் பட்ஜெட்டை டெல்லியில் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்தது அப்படித்தான்.

இந்தச் சாவிகளுக்கு வேலை வந்த நேரம்

1991 மார்ச்: காங்கிரஸ் ஆதரவில் ஓடிய சந்திரசேகர் அரசால் முழு பட்ஜெட் போட முடியவில்லை. மார்ச் 4-ல் யஷ்வந்த் சின்ஹா இடைக்கால பட்ஜெட் தாக்கல் செய்தார். இரண்டே நாளில் பிரதமர் ராஜினாமா. ஆனாலும் இடைக்கால ஒதுக்கீட்டில் அரசு ஓடியது. ஜூலை 24-ல் மன்மோகன் சிங் தாக்கல் செய்ததுதான் அந்த ஆண்டின் முழு பட்ஜெட்.

1999 ஏப்ரல்: இது நம்ம ஊர் கதை. ஜெயலலிதா ஆதரவை விலக்கிக்கொள்ள, ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-270 என ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. பட்ஜெட் இன்னும் நிறைவேறவில்லை. அமெரிக்காவாக இருந்தால் பூட்டுதான். இங்கே என்ன செய்தார்கள்? அரசைக் கவிழ்த்த கட்சிகளும் சேர்ந்து, விவாதமே இல்லாமல் அந்த பட்ஜெட்டை நிறைவேற்றிக் கொடுத்தன. ஏப்ரல் 26-ல் மக்களவை கலைந்தது.

2016 மார்ச்: ஷட்டவுனுக்கு மிக அருகில் போனது உத்தராகண்ட். மார்ச் 18-ல் சட்டமன்றத்தில் ஒதுக்கீட்டு மசோதா. ஆளும் காங்கிரஸின் 9 எம்எல்ஏக்களும் பாஜகவும் தலைகளை எண்ணச் சொன்னார்கள். குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிட்டது என்று சபாநாயகர் அறிவித்தார். நிறைவேறியதா, தோற்றதா என்பதே சண்டையானது. மார்ச் 27-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி. ஏப்ரல் 1 முதல் சம்பளம் போட அனுமதி யார் தருவது? கடைசி நேரத்தில், மார்ச் 31-ல் அவசரச் சட்டம் கொண்டுவந்து செலவுக்கு அனுமதி கொடுத்தார்கள். மே 10-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஹரீஷ் ராவத் ஜெயித்தார்.

பக்கத்தில் இலங்கையிலும் 2018-ல் இப்படி ஒரு நெருக்கடி. பெரும்பான்மை இல்லாமலே பிரதமராக நியமிக்கப்பட்ட மஹிந்த ராஜபக்சவின் அலுவலகச் செலவை நிறுத்தச் சொல்லி, நவம்பர் 29-ல் நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 1-ல் நிதியாண்டு தொடங்கும் நாடு. பட்ஜெட் இல்லை. டிசம்பர் 15-ல் அவர் விலக, அடுத்த சில நாளில் நான்கு மாதத்துக்கான இடைக்கால ஒதுக்கீட்டை நிறைவேற்றித் தப்பித்தார்கள்.

அப்போ நம்ம முறைதான் பெஸ்ட்டா?

சம்பளம் நிற்காது என்ற வகையில், சந்தேகமே இல்லாமல் ஆமாம். ஆனால் ஆரம்பத்தில் சொன்ன அந்த விலை இங்கேதான் வருகிறது.

பட்ஜெட் எப்படியும் நிறைவேறும் என்பது உறுதியாகிவிட்டால், அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. ஒவ்வொரு துறையும் 'மானியக் கோரிக்கை' வைத்து, எம்.பி.க்கள் கேள்வி கேட்டு, பிறகு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. நேரம் முடிந்துவிட்டால் மிச்சமிருக்கும் கோரிக்கைகளை எல்லாம் விவாதம் இல்லாமல் மொத்தமாக வாக்குக்கு விடுவார்கள். அதற்குப் பெயரே 'கில்லட்டின்'. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய அதே கருவியின் பெயர்தான்.

2018 மார்ச் 14. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக எம்.பி.க்கள், ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டு தெலுங்கு தேசம், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் எம்.பி.க்கள் என அவை முழுக்க அமளி. அந்த அமளிக்கு நடுவே சுமார் அரை மணி நேரத்தில் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் நிறைவேறின. ஒரு துறைகூட விவாதிக்கப்படவில்லை. 2023 மார்ச் 23-லும் அப்படித்தான். சுமார் ரூ.45 லட்சம் கோடிக்கான செலவு, விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் நிறைவேறியது.

படிக்காமல் கடந்துபோனால் உள்ளே எதுவும் ஒளிந்திருக்கலாம். 2018 நிதி மசோதாவில் ஒரு வரித் திருத்தம் இருந்தது. அரசியல் கட்சிகள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவது பற்றிய சட்டத்தில், 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும்படி ஒரு மாற்றம். அதாவது 42 ஆண்டு பின்தேதியிட்டு. காங்கிரஸும் பாஜகவும் அந்தச் சட்டத்தை மீறியதாக டெல்லி உயர் நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருந்தது. அரை மணி நேர அமளியில் அந்த வரியும் சேர்ந்து நிறைவேறியது.

அமெரிக்கர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. முடக்கத்தை முடித்த மசோதாவிலேயே, தங்கள் போன் பதிவுகள் தெரிவிக்காமல் எடுக்கப்பட்டிருந்தால் செனட்டர்கள் அரசின் மீது வழக்குப் போட்டு குறைந்தது 5 லட்சம் டாலர் கேட்கலாம் என்று ஒரு பிரிவு. பிரதிநிதிகள் சபையில் இரண்டு கட்சிகளும் கொதித்தன. ஆனாலும் வேறு வழியில்லை. திருத்தினால் மறுபடி செனட்டுக்குப் போக வேண்டும், பூட்டு நீளும். அப்படியே நிறைவேற்றினார்கள்.

அங்கே, விவாதம் நடக்கிறது; ஆனால் ஊழியர்களின் சம்பளத்தைப் பணயம் வைத்து. இங்கே, சம்பளம் வருகிறது. ஆனால் விவாதம் காணாமல் போகிறது. கட்சி கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம் என்ற கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறு. அந்த 8 செனட்டர்கள் செய்ததை இங்கே ஒரு எம்.பி. செய்வது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்து என்ன?

அந்த மசோதா அமெரிக்காவுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் மூச்சு விட இடம் கொடுத்தது. அதற்குள் மீதி மசோதாக்கள் நிறைவேறாவிட்டால் மறுபடி பூட்டு என்பதுதான் நிலையாக இருந்தது. இப்படி ஒரு கெடு நெருங்கும்போது, விசா புதுப்பிப்போ வேலை மாற்றமோ திட்டமிட்டிருக்கும் நண்பர்கள், தொழிலாளர் துறைச் சான்று தேவைப்படும் வேலைகளை அந்தக் கெடுவுக்கு முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது.

நமக்கு? தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடக்கும் ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கப்படி முதலில் இடைக்கால பட்ஜெட்டும், புதிய அரசு அமைந்த பிறகு முழு பட்ஜெட்டும் வரும். அப்போது ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையோடு ஒரு 'கொள்கை விளக்கக் குறிப்பு' வெளியிடும். போன வருஷம் எவ்வளவு செலவு, இந்த வருஷம் என்ன திட்டம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழிலேயே, அரசு இணையதளத்தில், இலவசமாக.

ரயிலில் டைடல் பார்க் வரும் நேரத்தில் ஒரு துறையைப் படித்து முடித்துவிடலாம். போக்குவரத்தோ, உணவோ, பள்ளிக் கல்வியோ, உங்களுக்குப் பிடித்த ஒன்று. பிறகு உங்கள் எம்எல்ஏ அந்த விவாதத்தில் பேசினாரா, என்ன கேட்டார் என்று பாருங்கள். நம்ம ஊரில் அரசாங்கம் பூட்டப்படாது. அதற்காக, கணக்கு கேட்பதையும் நாமே பூட்டி வைக்க வேண்டியதில்லையே.